முந்திரியக்காவும் ஏழு ஹேஷும்

இரட்டைக் குழந்தைகளில் முதலில் வெளியே வந்தது அவள்தான். டாக்டரம்மா கையுறை மாட்டி முடிப்பதற்குள் வந்துவிட்டாளாம். பின்னால் வந்த தங்கைக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "வயித்துக்குள்ளயே என்னை முழங்கையால இடிச்சுத் தள்ளிட்டு வந்தவ இவ" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொல்வாள்.

அன்று தொடங்கிய அவசரம் அதோடு நிற்கவில்லை. பேருந்து நிற்பதற்கு முன்னால் ஏறிவிடுவாள். சினிமாக் கொட்டகையில் படம் முடிவதற்கு முன்னால் இறங்கி வாசலில் நிற்பாள், கூட்டத்துக்கு முன்னால் வெளியே வரவேண்டுமே. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தபோது, மாப்பிள்ளை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே இவள் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டாள். போட்ட இடம் மாப்பிள்ளைக்கு உரியது. அவள் வீட்டுக்காரர் சாவகாசமான ஆள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "சட்டப்படி பாத்தா நான்தான் இந்த வீட்டு மருமக" என்று காலை நீட்டிப் படுத்துக்கொள்வார்.

அவள் வேலை பார்ப்பது ஒரு டைல்ஸ் கம்பெனியில். எதிலும் முந்துகிற அக்கா என்பதால் அங்கே அவளுக்கு முந்திரியக்கா என்று பேர் விழுந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் சொந்தப் பேர் கிடையாது.

இத்தனை முந்தியும் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கடைசி. கம்பெனியில் அவள் உட்கார்ந்திருப்பது கடைசி அறை. கிடங்கை ஒட்டி, ஜன்னல் இல்லாமல், ட்யூப்லைட்டை நிறுத்தினால் கை தெரியாத அறை. சுவரில் ஒட்டுகிற டைல்ஸ் டிசைன்களைப் படம் எடுத்து, திருத்தி, ஆல்பமாகச் சேர்ப்பது அவள் வேலை. உலகத்தில் உள்ள சுவருக்கெல்லாம் பூப்போட்டவள், தன் அறையில் பார்த்துக்கொண்டிருந்தது காறை உதிர்ந்த வெறும் சுவரை. அவள் மனிதமுகம் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்கப் போகவேண்டும்.

தரையில் பதிக்கிற டைல்ஸுக்கு ஆல்பம் போடுகிறவர் எதிர் அறைக்காரர். அவர் வெறும் எதிர் அறைக்காரராக இருந்தால் கதை சின்னதாக முடிந்திருக்கும். அவருடைய பையனும் முந்திரியக்காவின் பெண்ணும் கம்பெனி ஆண்டுவிழாவில் நாற்காலி எடுத்துப் போடுகிற சாக்கில் பழகி, கல்யாணத்தில் வந்து நின்றுவிட்டார்கள். ஆக, இருபது வருஷமாக "இந்தாளு", "இந்தம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஆனார்கள். சண்டை அப்படியேதான் இருந்தது. மரியாதை மட்டும் கூடிவிட்டது.

"சம்பந்தியம்மா, உங்க சுவர் நல்லாத்தான் இருக்கு. ஆனா மனுஷன் நிக்கறது தரையிலங்க."

"நிக்கட்டும் சம்பந்தி. தலை நிமிந்தா என் சுவர்தான் தெரியும். உங்க தரையைப் பாக்கணும்னா தலையைத் தொங்கப்போடணும்."

இந்த நிலையில்தான் முதலாளி அந்த அறிவிப்பைச் செய்தார். பெரிய சாலையில் கம்பெனிக்குப் புது ஷோரூம் வருகிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கதவைத் திறந்ததும் நேர் எதிரே பொறுப்பாளர் நாற்காலி. விடுதி கட்டுகிற ஒரு பெரிய கட்டடக்காரம்மா அடுத்த வாரம் வருகிறார், யாருடைய ஆல்பம் அவருக்குப் பிடித்து ஆர்டர் வருகிறதோ அவருக்கே அந்த நாற்காலி.

முந்திரியக்காவுக்கு அன்று தண்ணீர் குடிக்கப் போகத் தோன்றவில்லை. தெரு தெரிகிற நாற்காலி. உள்ளே வருகிறவன் முதலில் பார்க்கிற முகம் அவள் முகம். இதற்காகத்தானே அம்மா வயிற்றிலிருந்து அப்படி அடித்துப் பிடித்து வந்தது.

இனி, முதலாளியைப் பற்றி ஒன்று தெரியவேண்டும். அவர் கண் முதல் வரியைத் தாண்டாது. மெனு அட்டையைக் கொடுத்தால் முதலில் உள்ளதைத்தான் சாப்பிடுவார். பொதுக் கம்ப்யூட்டரில் எல்லாப் பிரிவுக்காரர்களும் அவரவர் அறையிலிருந்தே ஃபோல்டர் போட்டு வைத்திருந்தார்கள். அதில் மேலே எது இருக்கிறதோ அதைத்தான் திறப்பார், பாராட்டுவார், மூடுவார். மீதியெல்லாம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அதுவரை "சுவர்" என்ற ஃபோல்டரும் "தரை" என்ற ஃபோல்டரும் எழுத்து வரிசைப்படி பட்டியலின் நடுவில் எங்கோ அடுத்தடுத்துக் கிடந்தன. சுவர் மேலே, தரை கீழே. உலகத்திலும் அப்படித்தானே என்று முந்திரியக்கா நிம்மதியாக இருந்தாள்.

அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மேலே "1 தரை" என்று ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எண் போட்டால் எழுத்துக்கு மேலே ஏறிவிடும் என்று சம்பந்தி கண்டுபிடித்திருந்தார்.

"என்ன சம்பந்தி, ஒண்ணாம் நம்பரா?"

"சும்மா ஒரு அடையாளத்துக்குங்க."

எண்ணுக்கும் மேலே ஏறுகிற அடையாளம் ஏதாவது உண்டா என்று முந்திரியக்கா கீபோர்டையே முறைத்துப் பார்த்தாள். கைபேசியில் ஒரு பெண்குரல், தொடர்வதற்கு ஹேஷை அழுத்தவும் என்று சொல்லுமே, அந்தக் குறி கண்ணில் பட்டது. குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு. பார்ப்பதற்கே பதித்துவைத்த டைல்ஸ் மாதிரி இருந்தது. "#சுவர்" என்று போட்டாள். சர்ரென்று உச்சிக்குப் போனது.

மத்தியானம் "##தரை" வந்தது. சாயங்காலம் "###சுவர்". யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சந்தித்தால் சிரித்துக்கொண்டார்கள், உடம்பு நலமா என்று விசாரித்துக்கொண்டார்கள், அறைக்குப் போய் ஆளுக்கொரு ஹேஷ் கூட்டிக்கொண்டார்கள். கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பேருக்கு முன்னாடி வேலி கட்டியிருக்கீங்க, ஆடு மாடு வருதா" என்று கேட்டாள்.

வாரக் கடைசியில் முந்திரியக்கா ஏழு ஹேஷோடு உச்சியில் இருந்தாள். ஆறு ஹேஷோடு சம்பந்தி கீழே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கட்டடக்காரம்மா வருகிற நாளுக்கு முதல் நாள், எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து ஒரு முகப்புப் பக்கம் தயாரிக்கும்படி முந்திரியக்காவுக்கு உத்தரவு. ஃபோல்டர் வரிசையிலேயே பிரிவுகளின் பேர் இருக்கும். பேரை அமுக்கினால் லிங்க் வழியாக அந்தந்த ஆல்பம் சுவரில் மாட்டிய பெரிய டிவியில் திறக்கவேண்டும். முதலாளிக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது அமுக்குவது ஒன்றுதான். ஆகவே அமுக்கினால் திறக்கும்படி எல்லாம் இருக்கவேண்டும்.

முந்திரியக்கா பக்கத்தைத் தயாரித்தாள். லிங்க் போட்டாள். அமுக்கினாள். "இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்றது கம்ப்யூட்டர். மறுபடியும் அமுக்கினாள். முடியவில்லை என்றது. மவுஸைத் தட்டிப் பார்த்தாள், வயரைப் பிடுங்கிச் சொருகினாள், கம்ப்யூட்டரை நிறுத்தி உயிர் கொடுத்துப் பார்த்தாள். ஃபோல்டருக்குள் நேராகப் போனால் ஆல்பம் குத்துக்கல்லாக இருக்கிறது. லிங்க் வழியாகப் போனால் இல்லை என்கிறது.

இது எதிர் அறை வேலை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இருக்கிற பொருளை இல்லை என்று சொல்ல வைக்க அந்த மனிதரால்தான் முடியும். சண்டைக்குக் கிளம்பி எழுந்த நேரத்தில் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, மாமாவோட லிங்க்கை நீ அறுத்துட்டியாமே?"

"நான் அறுத்தேனாடி? என்னோடதே அறுந்து தொங்குது."

"அவரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவரு தட்டுல கை வைக்கல. சோத்துல வெரலால ஹேஷைக் கட்டம் கட்டமா போட்டுக்கிட்டு இருக்காரு. அத்தை பயந்துட்டாங்க. 'ஒங்கம்மா ஏதாவது மருந்து வெச்சுட்டாங்களா'ன்னு கேக்கறாங்க."

"ஒங்கத்தைகிட்ட சொல்லு, எனக்கு அவ்வளவு நேரமில்லைன்னு."

"ஒங்க மாப்பிள்ளை ரெண்டு பக்கமும் பேச முடியாம மாடியில போய் ஒளிஞ்சுக்கிட்டாரு. எதையாவது செஞ்சு சரி பண்ணும்மா. ராத்திரி இங்க ஒருத்தரும் தூங்க மாட்டாங்க போல."

சம்பந்தியுடையதும் திறக்கவில்லை என்றால் விஷயம் வேறு. முந்திரியக்கா, கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் டாக்டர் என்று அவருக்குப் பேர். நிதானமான மனிதர். எந்த நோய்க்கும் முதலில் வாயைத் திறக்கச் சொல்லுவார்.

"ஃபோல்டர் பேரைப் படிங்கக்கா."

"ஹேஷ் ஹேஷ் ஹேஷ் ஹேஷ் ஹேஷ் ஹேஷ் ஹேஷ் சுவர்."



"ஜலதோஷமாக்கா?"

"தும்மல் இல்லீங்க. பேரே அதுதான்."

"யாரு வெச்ச பேருக்கா இது?"

"நாந்தான் வெச்சேன். மேல வரணும்னு."

"மேலதான் போயிடுச்சு. நல்லா மேல போயிடுச்சு." டாக்டர் சிரித்து முடிக்கும்வரை அவள் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் சொன்னார்: "லிங்க்குக்கு அந்தக் குறியைப் பாத்தா ஆகாதுக்கா. வழி இதோட முடிஞ்சுதுன்னு அங்கேயே நின்னுடும். அதுக்குப் பின்னாடி நீங்க சுவர் கட்டுனா என்ன, கோட்டை கட்டுனா என்ன, அதுக்குத் தெரியவே தெரியாது. ஒண்ணு இருந்தாலே நிக்கும். நீங்க ஏழு வெச்சு மரியாதை பண்ணியிருக்கீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா லிங்க் போடுங்க."

"பேரை மாத்துனா ஒவ்வொரு தடவையும் லிங்க் போடணுமா?"

"வீடு மாத்துனா விலாசம் மாத்த வேணாமாக்கா?"

மறுநாள் காலை. கட்டடக்காரம்மா வர இன்னும் கொஞ்ச நேரம்தான். முந்திரியக்கா எதிர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். சம்பந்தி நாற்காலியில் சாய்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப நான் ஹேஷை எடுத்துடணும்."

"ரெண்டு பேரும் எடுக்கணும் சம்பந்தி. உங்களுது தொறக்கலன்னா வந்த அம்மா எழுந்து போயிடுவாங்க. அப்புறம் ஷோரூமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"சரி, நீங்க எடுங்க. நான் பாத்துட்டு எடுக்கறேன்."

"நான் எடுத்த பிறகு நீங்க எடுக்காம இருந்துட்டா?"

"நீங்க பாதி எடுத்துட்டு நிறுத்திட்டா?"

இருபது வருஷ நம்பிக்கை இப்படி முகத்துக்கு நேரே நின்றது. கடைசியில், கூட்டிப் பெருக்குகிற அக்காவைக் கூப்பிட்டு இரண்டு அறைக்கும் நடுவில் நிற்க வைத்தார்கள். அவள் துடைப்பத்தை ஒருதரம் தரையில் தட்டினால் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஹேஷ் எடுக்கவேண்டும். அவள் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னால் அடுத்த தட்டு.

"நான் ஏழு, அவரு ஆறு. எனக்கு ஒண்ணு அதிகமா போகுதே."

"உச்சியில இருந்தீங்கல்ல, அதுக்கு வாடகைன்னு வெச்சுக்குங்க," என்றாள் பெருக்குகிற அக்கா. முதலில் முந்திரியக்காவைத் தனியாக ஒன்றை எடுக்கவைத்தாள். பிறகு தட்டினாள். எட்டிப் பார்த்தாள். "எம்மா, கையை மறைக்காதீங்க. ஐயா, நீங்க எடுக்கல, சும்மா வெரலை ஆட்டுறீங்க." தட்டினாள். அவளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு ஹேஷ் மிச்சமிருந்தபோது சம்பந்தி கையைத் தூக்கினார்.

"இருங்க. இதையும் எடுத்துட்டா வெறும் சுவர், வெறும் தரை. எழுத்து வரிசைப்படி நீங்க மேல, நான் கீழ."

வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முதலாளியின் வரவேற்புக் குரல் கேட்டது. முந்திரியக்கா அந்தக் கண்ணாடியை நினைத்தாள், நாற்காலியை நினைத்தாள். மகள் வீட்டில் சோற்றில் போட்ட கட்டங்களை நினைத்தாள். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"நான் கீழ போறேன் சம்பந்தி."

"ஹால் சுவர்" என்று அடித்தாள். ஹ வரிசை என்பதால் கட்டக் கடைசிக்கு இறங்கிப் போனது.

இதைச் சம்பந்தி எதிர்பார்க்கவில்லை. சண்டை போட்டால் சமாளிப்பார். சம்பந்தியம்மா விட்டுக்கொடுத்தால் எப்படிச் சமாளிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முகம் சிவந்துபோயிற்று.

"ஐயய்யோ, பொண்ணு கொடுத்தவங்க நீங்க. உங்களைக் கீழ தள்ளிட்டு நான் மேல ஒக்காந்தா வீட்டுல எனக்குச் சோறு போடுவாங்களா?" என்று "ஹால் தரை" ஆக்கினார். அது அவளுக்கும் கீழே போனது.

"நல்லா இருக்கே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு மேல நான் இருக்கறதா?" அவள் "ஹோட்டல் சுவர்" ஆக்கினாள்.

"மரியாதை தெரியாதவன்னு நெனச்சுட்டீங்களா?" அவர் "ஹோட்டல் தரை."

இத்தனை நாள் மேலே ஏறுவதற்குப் போட்ட அதே வேகத்தில் இப்போது இறங்கிக்கொண்டிருந்தார்கள். முந்திரியக்காவின் கண்ணில் பழைய வெறி வந்துவிட்டது. கடைசி இடத்துக்கும் முதலில் போவது என்று ஒன்று இருக்கிறதே.

பெருக்குகிற அக்கா துடைப்பத்தால் மேசையையே தட்டினாள். "ரெண்டு பேரும் கையை எடுங்க. அங்க அவங்க டிவி முன்னாடி ஒக்காந்தாச்சு. லிங்க்கு கிங்க்குன்னு என்னமோ சொன்னீங்களே, அதைப் போடுங்க."

முந்திரியக்கா இரண்டு பேரையும் முகப்புப் பக்கத்தின் அடிக்கு இறக்கி, இரண்டு லிங்க்கையும் புதிதாகப் போட்டாள். தன்னுடையதை அமுக்கினாள். திறந்தது. பிறகு, அவளே நினைத்துப் பார்க்காத ஒன்றைச் செய்தாள்: சம்பந்தியுடையதையும் அமுக்கிப் பார்த்தாள். திறந்தது. "வருது சம்பந்தி" என்றாள். அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

இருவரும் கூட்ட அறைக்கு ஓடினார்கள். முதலாளி முகப்புப் பக்கத்தைத் திறந்து, வழக்கப்படி முதல் வரியை அமுக்கினார்.

சுவரும் தரையும் அடித்துக்கொண்டு கீழே போனதில் முதல் வரிக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. எழுத்து வரிசைப்படி வந்தது "கழிவறை." அந்தப் பிரிவுக்காரர் வேலையை விட்டுப் போய் ஆறு மாசம். ஃபோல்டர் அனாதையாகக் கிடந்தது. அத்தனை பெரிய டிவியில், பளபளவென்று, மூடி திறந்த நிலையில், ஒரு வெள்ளைக் கோப்பை வந்து நின்றது.

முதலாளி இருமினார். சம்பந்தி மேலே பார்த்தார். கட்டடக்காரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார்.

"நாலு கம்பெனி போயிட்டு வரேன். எல்லாரும் பூப்போட்ட சுவரைத்தான் மொதல்ல காட்டினாங்க. நான் கட்டறது விடுதிங்க. இருநூறு பிள்ளைங்க காலையில ஒரே நேரத்துல எழுந்திருக்கும். எனக்கு மொதல் கவலை இதுதான். நீங்கதான் புரிஞ்சுக்கிட்டு இதை மொதல்ல வெச்சிருக்கீங்க."

"ஆமாம்மா, அதான் எங்க யோசனை," என்றார் முதலாளி, கொஞ்சமும் யோசிக்காமல்.

அந்த அம்மா கோப்பைகளைத் தேர்ந்தெடுத்தார். அதற்குப் பொருத்தமாகச் சுவர் கேட்டார், தரை கேட்டார். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். அமுக்கியதெல்லாம் திறந்தது. ஆர்டர் முடிந்து எழுந்தபோது கட்டடக்காரம்மா முதலாளியைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தக் கழிவறைப் பிரிவுக்கு யாருங்க பொறுப்பு? அவங்களைத்தான் நான் இனிமே நேரா கூப்பிடுவேன்."

முதலாளி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சம்பந்தி தரையைப் பார்த்தார். கழிவறை என்கிற வார்த்தையோடு தன் பேர் சேர்வதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு கை விறைப்பாக மேலே போயிற்று.

"நான் பாத்துக்கறேங்க," என்றாள் முந்திரியக்கா. முதலாளி தலையாட்டிய வேகத்தைப் பார்த்தால், கேள்வியிலிருந்து தப்பித்ததே அவருக்குப் போதும் போலிருந்தது.

நாற்காலி அவளுக்கு. சுவரும் தரையும் சேர்ந்து சம்பந்திக்கு. அவருக்கும் சந்தோஷம்தான். அன்று ராத்திரி மகள் போன் செய்து, மாமா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்று சொன்னாள். அத்தை மருந்து விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொண்டாராம்.

ஷோரூம் திறந்த அன்று அவள் வீட்டுக்காரர் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இரண்டு வரிசையாக வெள்ளைக் கோப்பைகள் அணிவகுத்து நிற்க, நடுவில் அவள் புதுப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"சிம்மாசனம் ஒண்ணுதான் கேட்டே. இத்தனை குடுத்திருக்காங்க."

"வாயை மூடிக்கிட்டு ஓரமா நில்லுங்க. மொத கஸ்டமர் வராரு."

தெருவைக் கடந்து ஒரு மனிதர் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடி வழியாக அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. அவருக்கும் அவள் முகம்தான் முதலில் தெரிந்திருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தார்.

"வாங்க சார், வாங்க," என்று எழுந்து நின்றாள் முந்திரியக்கா. "என்ன மாடல் பாக்கறீங்க?"

"ஏதா இருந்தாலும் பரவாயில்லம்மா," என்றார் அவர், பக்கத்துக் கோப்பையின் மூடியைத் தூக்கிக்கொண்டே. "கதவை மட்டும் எங்க சாத்தறதுன்னு சொல்லுங்க."